எடை ஒன்று, இருதயம் வேறு: மாற்று இருதயத்தின் அளவை எப்படிப் பொருத்திப் பார்க்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். வயது 50, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. விரிந்து தளர்ந்துபோன இருதயத்தோடு ஓராண்டுக்கும் மேலாக மாற்று இருதயத்துக்குக் காத்திருக்கிறார். சென்ற மாதம் நள்ளிரவில் அழைப்பு வந்து, குடும்பமே காரில் ஏறித் தலைநகருக்கு ஓடியிருக்கிறது. ரத்தப் பிரிவு பொருந்தியது. ஆனால் விடியும் முன்பே, “இந்த இருதயம் அவருக்குப் போதாது, சிறியது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடையில் வித்தியாசமா என்று கேட்டதற்கு, “எடையெல்லாம் பரவாயில்லை, இருதயம்தான் சிறியது” என்று பதில் வந்ததாம். எடை சரியாக இருக்கும்போது இருதயம் மட்டும் எப்படிச் சிறியதாகும், கைக்கு வந்ததை இப்படித் தட்டிக்கழிக்கலாமா என்பதுதான் தம்பியின் ஆற்றாமை.

நான் மருத்துவன் அல்லன். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் இருதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரத்தை 26 ஆண்டுகள் இயக்கியவன். உங்கள் அப்பாவின் கோப்பை நான் பார்க்கவில்லை, ஆகவே அன்றிரவு எடுத்த முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் “எடை சரி, இருதயம் சிறியது” என்ற அந்தப் பதிலில் முரண்பாடு எதுவும் இல்லை என்பதை விளக்க முடியும். நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் விளக்குவது எனக்குச் சுலபம்.

என் அப்பா தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். அவருடைய கிளினிக்கை ஒட்டித்தான் ரப்பர் பால் ஸ்டோர் இருந்தது. பள்ளி விட்டு வந்தால் பால் நிறுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு வழக்கம். வாளி தராசில் ஏறியதும் தோட்டத்து எழுத்தரான கிராணி எடையைக் குறித்துக்கொள்வார், ஆனால் அந்த எடைக்குக் காசு கொடுக்க மாட்டார். பாலில் மெட்ரோலாக் மானியை மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்த்த பிறகுதான் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதுவார். நல்ல பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர் இருக்கும், மற்றதெல்லாம் நீர்தான். மழை நாளில் வாளி கனக்கும், ரப்பர் குறையும். வாளியின் எடையை வைத்து ரப்பரை ஊகிக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கிராணிக்குத் தெரிந்திருந்தது. உடலின் எடையை வைத்து இருதயத்தை ஊகிக்கக் கூடாது என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

முதலில், இருதயம் சிறியதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்பதைப் பார்ப்போம். இதை “பெட்டிக்குள் பொருள் அடங்குமா” என்ற கேள்வியாகவே பலரும் நினைக்கிறார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இரண்டாம் கேள்விதான். முதல் கேள்வி, இந்தத் தசையால் அந்த உடலுக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியுமா என்பது. 170 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடற்பரப்பு ஏறத்தாழ 1.92 சதுர மீட்டர். இயந்திரத்தில் நான் வைக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.4 லிட்டர், அதாவது அவருக்கு ஏறத்தாழ 4.6 லிட்டர். இயந்திரத்தை நிறுத்திய கணத்திலிருந்து இந்த 4.6 லிட்டரைப் புது இருதயம்தான் தள்ள வேண்டும். ஒரு துடிப்புக்கு 60 மில்லிலிட்டர் தள்ளும் இருதயத்துக்கு நிமிடத்துக்கு 77 துடிப்புகள் போதும். 40 மில்லிலிட்டர்தான் தள்ள முடியும் என்றால் 115 முறை துடிக்க வேண்டும். களைத்துப்போன ஓர் உறுப்பிடம் இப்படிக் கேட்கிறோம் என்பதுதான் இங்கே சிக்கல்.

களைத்துப்போன என்று சொல்லக் காரணம் உண்டு. மாற்று இருதயம் மூளை இறந்த உடலில் ஏற்கெனவே கடுமையான ஹார்மோன் கொந்தளிப்பைத் தாங்கி வந்தது. பிறகு நிறுத்தப்பட்டு, குளிரூட்டப்பட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் சில மணி நேரம் ரத்த ஓட்டமே இல்லாமல் கிடந்தது. புது உடலில் தைத்து முடித்து, பெருநாடியை இறுக்கியிருந்த கிடுக்கியை எடுத்ததும், வெளிறிக் கிடந்த தசைக்குச் சிவப்பு ஏறி, சற்று நேரம் நடுநடுங்கி, பிறகு துடிக்கத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேசமாட்டோம். அப்படித் துடிக்கத் தொடங்கும் இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. நரம்புகளை வெட்டித்தான் எடுத்திருக்கிறார்கள், அவற்றைத் தைத்து இணைக்க முடியாது. ஆகவே உடல் “வேகமாகத் துடி” என்று நரம்பு வழியே சொல்வது அதற்கு எட்டாது. ரத்தத்தில் கலந்து வரும் ஹார்மோனும் நாம் செலுத்தும் மருந்தும்தான் எட்டும். முதல் சில நாட்கள் தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பிகளை வைத்து நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்க வைப்பது வழக்கம். அளவு பொருந்திய இருதயம் இந்த நாட்களைக் கடந்துவிடும். சிறிய இருதயத்துக்கு இந்த நாட்கள்தான் கண்டம். முதல் 24 மணி நேரத்திலேயே அது சோர்ந்து விழுந்து, நோயாளியை மறுபடியும் இயந்திரத்தில் போட வேண்டிய நிலை வரலாம்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. குடும்பத்தாருக்கு இதை யாரும் விளக்குவதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். பல ஆண்டுகளாக இடது கீழறை தளர்ந்து போனவருக்கு, ரத்தம் பின்னுக்குத் தேங்கித் தேங்கி, நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிப்போகின்றன. அவருடைய பழைய வலது கீழறை அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பழகித் தடித்திருக்கும். புதிதாக வரும் இருதயத்தின் வலது கீழறையோ ஆரோக்கியமான ஒருவரின் தளர்ந்த நுரையீரல் குழாய்களை மட்டுமே அறிந்தது. அது மெல்லிய சுவர் கொண்டது. பழக்கமில்லாத இந்தச் சுமையை அதன் தலையில் திடீரென்று வைத்தால், இடது பக்கம் நன்றாக இருந்தாலும் வலது பக்கம் பலூன்போல் உப்பி நின்றுவிடும். இதனால்தான் பட்டியலில் சேர்க்கும் முன்பே கழுத்து ரத்த நாளம் வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரல் ரத்தக் குழாய்களின் எதிர்ப்பை வுட் அலகில் அளக்கிறார்கள். 3 அலகுக்கு மேல் போனால் கவனம். 5 அலகைத் தாண்டி, மருந்துக்கும் இறங்கவில்லை என்றால், இருதயத்தை மட்டும் மாற்றுவதற்கே பெரும்பாலும் தயங்குவார்கள். எதிர்ப்பு சற்றுக் கூடுதலாக உள்ளவருக்குச் சமமான இருதயம்கூடப் போதாது, ஒரு படி பெரியதாகத் தேடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த அளவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இனி எடைக்கு வருவோம். மாற்று இருதயச் சிகிச்சையின் முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அளவுகோலாக இருந்தது உடல் எடைதான், ஏனென்றால் அது தொலைபேசியில் கேட்டுவிடக்கூடிய எண். பன்னாட்டு இருதய நுரையீரல் மாற்றுச் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியும் எடையைத்தான் பேசியது. கொடையாளியின் எடை, பெறுபவரின் எடையைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் இருந்தால் பொதுவாக ஆபத்தில்லை. சராசரியாக 70 கிலோ உள்ள ஆணின் இருதயத்தைப் பெறுபவரின் எடையைப் பாராமலே பயன்படுத்தலாம். ஆனால் கொடையாளி பெண்ணாகவும் பெறுபவர் ஆணாகவும் இருந்து, எடை 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கை தேவை. இந்த மூன்றாம் வரியைக் கவனித்தீர்களா? எடை மட்டுமே போதுமானது என்றால் ஆண், பெண் என்று ஏன் பிரிக்க வேண்டும்? பெண்ணின் இருதயம் ஆணுக்குப் பொருத்தப்படும்போது முடிவுகள் சற்று மோசமாக இருப்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே கண்டிருந்தார்கள். எதிர்ப்புச் சக்தியின் வேலை என்று சிலரும் ஹார்மோனின் வேலை என்று சிலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சிறு கிளைக்கதை. 1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் மனித இருதய மாற்றே, 25 வயதுப் பெண்ணின் இருதயத்தை ஐம்பது கடந்த ஆணுக்குப் பொருத்திய சிகிச்சைதான். அவர் 18 நாட்கள் உயிரோடு இருந்து நிமோனியாவால் இறந்தார். ஆகவே அளவின் மேல் பழி போட முடியாது. அதே பர்னார்ட் 1974இல், நோயாளியின் சொந்த இருதயத்தை எடுக்காமலே, அதன் பக்கத்தில் துணையாக இன்னோர் இருதயத்தை வைத்துத் தைத்தார். கிடைத்த இருதயம் சிறியதாக இருக்கும்போதும், நுரையீரல் எதிர்ப்பு கூடுதலாக இருக்கும்போதும் அந்த முறை பின்னாளில் சில இடங்களில் கைகொடுத்தது. இப்போது அது அரிதாகிவிட்டது.

எடைக்குப் பதிலாக இருதயத் தசையையே கணிக்கும் வழி அமெரிக்காவின் மேசா என்ற பெரிய ஆய்விலிருந்து வந்தது. அங்கே ஆறு ஊர்களில், இருதய நோய் இல்லாத 6,800க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அவர்களுள் பலருடைய இருதயத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் அளந்தார்கள். அந்த அளவுகளிலிருந்து, ஒருவரின் வயது, உயரம், எடை, பாலினம் ஆகிய நான்கையும் வைத்து, அவருடைய இடது, வலது கீழறைத் தசைகள் எத்தனை கிராம் இருக்கும் என்று கணிக்கும் சூத்திரங்கள் கிடைத்தன. இரண்டையும் கூட்டினால் வருவது கணிக்கப்பட்ட இருதய நிறை. முழு இருதயத்தின் எடை ஆணுக்குச் சுமார் 300 கிராம் என்று நீங்கள் படித்திருக்கலாம். இந்தக் கணக்கில் மேலறைகளும் கொழுப்பும் வால்வுகளும் சேராததால் எண் சிறியதாக வரும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கணக்கை உங்கள் அப்பாவுக்கே போட்டுப் பார்த்தேன். இடது கீழறைக்கு 157 கிராம், வலதுக்கு 23 கிராம், மொத்தம் 180 கிராம். இப்போது இரண்டு கொடையாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இவர்கள் கணக்குக்காக நான் வைத்தவர்கள் மட்டுமே. முதலாமவர் 30 வயதுப் பெண், 158 சென்டிமீட்டர், எடை உங்கள் அப்பாவினுடையதே, 78 கிலோ. அவருடைய கணிப்பு 148 கிராம்தான் வருகிறது, அதாவது அப்பாவுக்கு வேண்டியதில் 82 விழுக்காடு. இரண்டாமவர் 30 வயது ஆண், 170 சென்டிமீட்டர், 62 கிலோ. எடையில் அப்பாவைவிட 16 கிலோ குறைவு, பார்த்தால் ஒல்லி. ஆனால் அவருடைய கணிப்பு 162 கிராம், 90 விழுக்காடு. எடைத் தராசு முதலாமவரைத்தான் தேர்ந்தெடுக்கும். மெட்ரோலாக் மானி இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கும்.

இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் பாலினம். இடது கீழறைச் சூத்திரத்தில் ஆணுக்கான பெருக்கெண் 8.25, பெண்ணுக்கு 6.82. உயரம், எடை இரண்டும் துல்லியமாக ஒன்றாகவே இருந்தாலும் பெண்ணின் இடது கீழறைத் தசை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவு. உடலில் கொழுப்புக்கும் தசைக்கும் உள்ள பங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு என்பதை நாமெல்லாரும் அறிவோம், இருதயமும் அதற்கேற்பத்தான் வளர்கிறது. அமெரிக்க மாற்று உறுப்புப் பதிவேட்டை வைத்து 2014இல் வெளியான ஆய்வொன்று, பாலினத்தால் வந்தது என்று நினைத்த ஆபத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்தத் தசை அளவால் வந்தது என்று காட்டியது. பெண்ணின் இருதயம் என்பதற்காக அது பலவீனமானதல்ல. போதிய அளவுள்ள பெண்ணின் இருதயம் ஆணின் உடலில் நன்றாகவே வேலை செய்கிறது. அடுத்து 2019இல் வந்த ஆய்வு, எடை, உயரம், உடற்பரப்பு, உடல் நிறைக் குறியீடு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, கணிக்கப்பட்ட இருதய நிறையே ஆபத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டும் அளவுகோல் என்றும், விகிதம் 0.86க்குக் கீழே போகும்போது முதலாண்டு மரணம் கூடுகிறது என்றும் கண்டது. நான் மேலே கற்பனை செய்த பெண்ணின் 82 விழுக்காட்டை இந்த 86இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மருத்துவர் சொன்ன “எடை பரவாயில்லை, இருதயம்தான் சிறியது” என்பது இப்படி ஒரு கணக்காக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சூத்திரம் வேதமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மேசா ஆய்வில் இருந்தவர்கள் வெள்ளையர், கறுப்பின அமெரிக்கர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் என்ற நான்கு பிரிவினர். அவர்களுள் நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினர் இல்லை, மலாய்க்காரரும் இல்லை. வயதும் 45 முதல் 84 வரை. கொடையாளிகளோ பெரும்பாலும் சாலை விபத்தில் மூளை இறந்த இளவயதினர். அப்படியானால் நமக்கு இது பயன்படாதா என்றால், பயன்படும் என்றே நினைக்கிறேன். தேவைப்படுவது இருவருக்கும் இடையிலான விகிதமே. சூத்திரம் நம் மக்களுக்கு 10 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கொடையாளிக்கும் பெறுபவருக்கும் ஒன்றுபோலவே கூட்டிச் சொன்னால் வகுக்கும்போது பிழை கழிந்துவிடும். உடல்வாகு வெவ்வேறான இரு இனத்தாருக்கிடையே பொருத்தும்போதுதான் பிழை எஞ்சும். நம் நாட்டில் அது நாள்தோறும் நேரக்கூடியதே, ஆகவே இங்கே எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், கொடையாளியின் இருதயத்தை எக்கோ கருவியில் நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எக்கோவில் தசை தடித்துத் தெரிந்தால் அது நல்லது என்று பொருளல்ல. ரத்த அழுத்தத்தால் 14 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சுவருள்ள இருதயத்தைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

சூத்திரத்தின் இன்னொரு பலவீனம் பெறுபவரின் பக்கத்தில் இருக்கிறது, உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவதும் இதுதான். இருதயம் தளர்ந்தவரின் உடலில் நீர் தேங்கும். காலில், வயிற்றில், நுரையீரலில் என்று பல கிலோ நீரைச் சுமந்துகொண்டிருப்பவரைத் தராசில் நிறுத்தினால் வாளியில் மழைநீர் விழுந்த கதைதான். அப்பாவின் 78 கிலோவில் 6 கிலோ நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான உலர் எடை 72 கிலோ. அப்போது அவருக்கு வேண்டிய இருதயம் 180 கிராமிலிருந்து 172 கிராமாக இறங்குகிறது, அதே பெண்ணின் 148 கிராம் 82 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. அழைப்பு வரும் இரவில் மருத்துவர் தயங்கித் தயங்கி முடிவெடுக்கும் எல்லைக்கோட்டை 6 கிலோ நீர் இப்படி நகர்த்திவிடும். கொழுப்பும் ஏறத்தாழ இப்படித்தான். மிகப் பருமனான நோயாளிக்குச் சூத்திரம் தேவைக்கு மேல் பெரிய இருதயத்தைக் கேட்கும். எதிர்ப்பக்கமாக, நோயால் உருகி எலும்பும் தோலுமானவருக்கு இன்றைய எடையைப் போட்டால் குறைத்துக் காட்டும், சிகிச்சைக்குப் பிறகு அவர் உடல் தேறும்போது இருதயம் சிறியதாகிவிடக்கூடும்.

பெரிய இருதயம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு அது அவ்வளவு பெரிய கவலை அல்ல. விரிந்த இருதயம் பல ஆண்டுகள் இருந்ததால் அதைச் சூழ்ந்த உறையும் விரிந்திருக்கும். பழைய இருதயத்தை எடுத்ததும் அந்தக் குழியைப் பார்த்தால், குடியிருந்தவர் காலி செய்த லயத்து வீடுபோல் அகலமாகக் கிடக்கும். கைக்கு அடக்கமான புது இருதயம் அதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இருதயச் சுவர் விறைத்துப்போகும் வேறு வகை நோயாளிகளுக்கு, உறை விரியாமல் குறுகியே இருக்கும். முன்பு மார்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு இடம் சுருங்கியிருக்கும். அவர்களுக்குப் பெரிய இருதயத்தை வைத்து மார்பெலும்பை மூடினால், மூடும்போதே ரத்த அழுத்தம் சரியும். எலும்பைத் திறந்தபடியே விட்டு, மேலே மூடி, வீக்கம் வடிந்த சில நாட்களுக்குப் பிறகு மூடுவதும் உண்டு. இத்தகையவர்களுக்கு சி.டி. படத்திலிருந்து மார்பிலுள்ள இடத்தின் கொள்ளளவையே அளந்து பார்க்கும் வழக்கம் வளர்ந்து வருகிறது.

குழந்தைகளுக்கோ கணக்கே வேறு. அவர்களுக்கான இருதயம் அரிதாகவே கிடைக்கும் என்பதால் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ளவரின் இருதயத்தையும் விரிந்த நெஞ்சுள்ள குழந்தைக்கு ஏற்பது வழக்கத்தில் உள்ளது. 2008 செப்டம்பரில் சென்னையில், சாலை விபத்தில் மூளை இறந்த 15 வயதுச் சிறுவனின் இருதயத்தைப் போக்குவரத்தை ஒதுக்கிக் கொண்டுபோய் 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தியதை நம் வீடுகளிலும் பேசினோமே, நினைவிருக்கும். எல்லாரும் காரின் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தச் சிறுமியின் நெஞ்சின் அகலத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் உடலில் வைத்த சிறிய இருதயம் குழந்தையோடு சேர்ந்து வளரும் என்பது இந்தத் துறையின் இனிய செய்திகளுள் ஒன்று. பெரியவர்களின் உடலில் சிறிய இருதயம் ஓரளவு தடித்துத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். ஆபத்தோ முதல் நாளில் இருக்கிறது.

கைக்கு வந்ததைத் தட்டிக்கழிக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். மலேசியாவின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சை கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகத்தில் 1997இல் நடந்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளிலும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் நடக்கிறது, ஏனென்றால் கொடுப்பவர் குறைவு. ஒருவர் உயிரோடு இருக்கையில் உறுதிமொழி பதிந்திருந்தாலும், மூளை இறந்த பிறகு குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. வருவதே அரிது எனும்போது, வந்ததில் ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், அந்த இருதயத்தைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பெறுபவரின் ரத்தத்தில் இருக்கக் கூடாது, அளவு பொருந்த வேண்டும். நேரமும் பொருந்த வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த இருதயத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரமே கணக்கு. ஈப்போவில் எடுத்ததைச் சாலை வழியாக 200 கிலோமீட்டர் கொண்டுவந்துவிடலாம். கோத்தா கினபாலுவிலிருந்து என்றால் வானில் மட்டுமே இரண்டரை மணி நேரம், மருத்துவமனையிலிருந்து விமான நிலையம் போவதும் வருவதும் தனி. நேரம் நீளும்போது அளவில் விட்டுக்கொடுக்க முடியாது. சிறிய இருதயமும் நீண்ட பயணமும் சேர்ந்தால் ஆபத்து பெருகும் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். பக்கத்து ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் வரும் சற்றே சிறிய இருதயத்தை ஏற்பவர்களே, கடல் கடந்து வரும் அதே அளவு இருதயத்தை மறுப்பதும் இதனால்தான்.

உங்கள் அப்பாவுக்குப் போதாத இருதயம் வேறு யாருக்குமே உதவாதது என்று நினைத்துவிட வேண்டாம். நான் கற்பனை செய்த அதே பெண்ணின் 148 கிராம் இருதயத்தை, அப்பாவின் வயதே ஆன, 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள இன்னோர் ஆணுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். விகிதம் 99 விழுக்காடு, அச்சில் வார்த்ததுபோல். கொடையாளி அவரைவிட 18 கிலோ கூடுதல் எடை என்பது அங்கே யாரையும் உறுத்தாது. அப்படி ஒருவர் பட்டியலில் இல்லாத நாளில், இருதயத்தின் வால்வுகளை மட்டும் எடுத்துப் பதப்படுத்தி வேறு நோயாளிகளுக்குப் பொருத்தும் வழியும் மருத்துவத்தில் இருக்கிறது. ஒரு மாதிரி ஒப்புக்கொண்டு பொருத்திவிட்டு இரண்டு நாட்களில் அப்பாவையும் இழந்து, கொடுத்த குடும்பத்தின் இருதயத்தையும் இழப்பதைவிட, அந்த இரவில் “வேண்டாம்” என்று சொன்னவர்கள் கடினமான வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அதை உங்களுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். விடியற்காலையில் நடைபாதையில் நிற்கவைத்து ஒரு வரியில் சொன்னதை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது மூன்று விவரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அப்பாவின் நுரையீரல் எதிர்ப்பு எத்தனை வுட் அலகு, பட்டியலில் எந்த எடையைப் பதிந்திருக்கிறார்கள், அந்த எடை நீர் வடிந்த பிறகு எடுத்ததா. நீர் மாத்திரை கூடிக் குறைந்திருந்தால் பதிவிலுள்ள எடை பழையதாக இருக்கக்கூடும், அதைத் திருத்தச் சொல்வது உங்கள் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, தேத்தண்ணீர் குடிக்கும் முன்பு, ஒரே மாதிரி உடையில் அப்பாவைத் தராசில் நிற்கவைத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரே தராசாக இருக்கட்டும், சிமெண்டுத் தரையில் வையுங்கள், பாயின் மேல் வைத்தால் எண் மாறும். இரண்டு நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, நீர், அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மறுபடியும் நள்ளிரவில் அழைப்பு வந்தால், உடுப்புப் பையை எடுக்கும் முன்பு அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.